மாடி வீட்டு வெக்கைக்கு எது நல்லது: வெள்ளைப் பூச்சா, தளத்தின்மேல் பலகையா, உள்ளே சீலிங்கா?

வரும் கத்திரி வெயிலுக்குள் மொட்டை மாடிக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. எங்கள் வீடு திருச்சியில். தரைத்தளம், அதன்மேல் ஒரு மாடி. மாடி அறையில் அம்மாவும் என் மகளும் படுக்கிறார்கள். போன கோடையில் இருவரும் சரியாகத் தூங்கிய இரவுகள் குறைவு. மத்தியானத்தைக்கூட எப்படியோ ஓட்டிவிடலாம், ராத்திரிதான் மோசம். பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் கை வைத்தால் சுடுகிறது. மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது.

என்ன செய்யலாம் என்று விசாரித்தபோது ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மாடித் தரையில் பதித்திருக்கும் பழைய தட்டோட்டை, அதாவது தட்டையான சுட்ட மண் ஓட்டை, பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றார் கொத்தனார். வெயிலைத் திருப்பி அனுப்பும் கூல் ரூஃப் பெயிண்ட் ஒன்றே போதும் என்றார் பெயிண்ட் கடைக்காரர். உள் அலங்கார வேலை செய்பவர் ஃபால்ஸ் சீலிங் போடச் சொன்னார். கட்டட வேலையில் இருக்கும் அத்தான், தளத்தின்மேல் எக்ஸ்பிஎஸ் என்ற நுரைப் பலகை பதிக்காமல் வேறெது செய்தாலும் பாதி வேலைதான் என்றார். நான்கு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எது யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் படித்தும் கணக்குப் போட்டும் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இதெல்லாம் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். அடுக்குமாடியில் நடுத்தளத்தில் இருந்தால் தலைக்குமேல் இன்னொரு வீடு இருக்கிறது, கூரையால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. அங்கே வெக்கை வருவது மேற்குச் சுவர் வழியாகவும் ஜன்னல் கண்ணாடி வழியாகவும்தான். ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டியோ வெளிப்பக்கத் திரையோ கட்டுங்கள். கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டு என்ன பயன்? வெயில் அதற்குள் உள்ளே வந்துவிட்டதே.

வெப்பம் எப்படி இறங்குகிறது

ஏப்ரல், மே மாதங்களில் நண்பகல் வெயில் மொட்டை மாடியில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 900 வாட் கொட்டுகிறது. அழுக்கேறிய கான்கிரீட்டும் சிவப்புத் தட்டோடும் அதில் மூன்றில் இரண்டு பங்கையோ அதற்கு மேலோ உறிஞ்சிக்கொள்ளும். வெளியே காற்று 38 டிகிரி என்றால் தளத்தின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். வெறுங்காலோடு துணி காயப்போடப் போனவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தச் சூடு உடனே கீழே வருவதில்லை. ஐந்து அங்குல கான்கிரீட், அதன்மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை, ஓடு எல்லாமே கனமான பொருட்கள். பகல் முழுக்கச் சூட்டை வாங்கிச் சேர்த்துக்கொண்டு சாயங்காலத்திலிருந்து விடத் தொடங்கும். பாதி மேலே வானத்துக்குப் போகும், பாதி கீழே நம் படுக்கைக்கு இறங்கும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் மாடி அறை வேகிறது என்றால் காரணம் இதுதான்.

எனவே தடுப்பதற்கு இரண்டே இடங்கள்தான் உண்டு. வெயிலை மேல்பரப்பிலேயே திருப்பி அனுப்பிவிடலாம், அதற்குத்தான் வெள்ளைப் பூச்சும் வெள்ளை ஓடும். உறிஞ்சிய சூடு கீழே இறங்காமல் நடுவில் மறிக்கலாம், அதற்குத்தான் வெப்பக்காப்புப் பலகையும் சீலிங்கும். நிழல் மூன்றாவது வழி என்று தோன்றும். ஆனால் அதுவும் வெயிலைத் திருப்புகிற வேலைதான், தளத்துக்குப் பதில் தகரமோ கீற்றோ சூடாகிறது, அவ்வளவுதான்.

தட்டோடு: நம் பழைய வழி

சென்னையின் பழைய வீடுகளில் மரச்சட்டங்களின்மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லி போட்டு, தட்டோடு பதித்திருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். கான்கிரீட் வந்தபோது மரமும் செங்கல்லும் போய்விட்டன, மேலே இருந்த ஜல்லியும் ஓடும் மட்டும் தங்கிவிட்டன. வெதரிங் கோர்ஸ் என்று இன்று கொத்தனார்கள் சொல்வது அதைத்தான். தமிழ்நாடு பொதுப்பணித் துறையின் கலவைக் கணக்கில் 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு. மணல் சேர்க்கக் கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். சின்ன வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது பல இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட்டைக் கலந்து அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். அது வெடிக்கிறது.

எனக்கு இந்த வேலைமேல் மதிப்பு அதிகம். தண்ணீர் ஓட வாட்டம் சரியாகக் கொடுத்து, நன்றாகத் தட்டிப் போட்ட தளம் முப்பது வருடம் ஒழுகாமல் நிற்கும். ஆனால் வெப்பத்தை மறிப்பதில் அது நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. வெறும் கான்கிரீட் தளம் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3.2 வாட் கடத்தும் என்றால், மூன்று அங்குல ஜல்லியும் ஓடும் சேர்ந்தபின் அது 2.2 வாட் ஆகிறது. மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. இந்தக் கணக்கைக் கட்டடக்காரர்கள் யூ மதிப்பு என்பார்கள், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டார் கொடுக்கிற அதே பி.இ.இ. அமைப்பு, வீடுகளுக்காக 2018-இல் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. அதில் கூரைக்கு உச்சவரம்பு 1.2. நம் தட்டோட்டுத் தளம் அதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கடத்துகிறது. போதாததற்குச் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் பாரம். ஆகவே வெக்கைக்காக மட்டும் புதிதாகத் தட்டோடு போடுவதில் அர்த்தமில்லை. ஒழுகலுக்காகப் போடுகிறீர்கள் என்றால் அது வேறு பேச்சு.

வெள்ளை: சுண்ணாம்பு, பெயிண்ட், ஓடு

மலிவானது சுண்ணாம்புதான். கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல்நாளே ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் வெள்ளை சிமெண்ட்டும் பசையும் கலந்து இரண்டு கை அடிக்க வேண்டும். அடிப்பதற்கு முன் தளத்தைத் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். மாசியில் அடித்தால் ஆவணி வரை நன்றாக இருக்கும், ஐப்பசி மழை கரைத்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு வருடமும் அடிக்க வேண்டும். வீட்டு ஆட்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யக்கூடிய வேலை, செலவும் சதுர அடிக்கு ஒருசில ரூபாய்தான். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இதைத் தாராளமாகச் செய்யலாம்.

கூல் ரூஃப் பெயிண்ட் நான் விசாரித்த வரையில் கூலியோடு சதுர அடிக்கு 20 முதல் 40 ரூபாய். நன்றாக அடித்தால் மூன்றிலிருந்து ஐந்து வருடம் தாங்கும். கடையில் கேட்க வேண்டியது எஸ்.ஆர்.ஐ. என்ற எண், வெயிலைத் திருப்பிச் சூட்டையும் விட்டுவிடும் திறனுக்கான அளவு அது. 100-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்ல பெயிண்ட். ஆனால் டப்பாவில் இருப்பது புதுசாக அடித்தபோது உள்ள எண். மூன்று வருடம் வெயிலிலும் தூசியிலும் கிடந்தபிறகு எவ்வளவு என்று கேளுங்கள், அந்த விவரத்தைத் தரும் நிறுவனத்தின் பெயிண்டை வாங்குங்கள். வெள்ளி மாதிரி மின்னும் அலுமினியப் பூச்சைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது வெயிலைத் திருப்பும், ஆனால் தன்னிடம் சேர்ந்த சூட்டை வானத்துக்கு எளிதில் விடாது. வெள்ளை இரண்டையும் செய்கிறது. அதனால் வெள்ளையே நல்லது.

வெள்ளையின் எதிரி அழுக்கு. இதைக் கணக்கில் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது, கீழே சொல்கிறேன். வருடம் இரண்டு முறையாவது மாடியைத் தேய்த்துக் கழுவ முடியும் என்றால் பெயிண்ட் அடியுங்கள். முடியாதென்றால் அந்தப் பணத்தை வேறெதற்காவது வையுங்கள். பக்கத்து வீடு உங்கள் மாடியைவிட உயரமாக இருந்தால் அவர்கள் ஜன்னலில் கண் கூசும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கூல் டைல்ஸ் என்று விற்பதன் சூட்சுமமும் அதன் வெள்ளை நிறம்தான். அரை அங்குல, முக்கால் அங்குல ஓடு வெப்பத்தை மறித்துவிடாது. ஆனால் பெயிண்டைவிட அதிகநாள் வரும், கழுவுவது எளிது, மேலே நடக்கலாம், வற்றல் காயப்போடலாம். விலை பெயிண்டைப்போல மூன்று நான்கு மடங்கு. உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்கிப் பதிப்பதும் இதே பலனைத் தரும், அதற்குப் பொறுமையான கொத்தனார் வேண்டும்.

டைல்ஸில் ஒரு கஷ்டம் எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. சித்தி வீட்டில் ஒழுகல் இருந்த தளத்தின்மேல், ஒழுகலைப் பார்க்காமலே டைல்ஸை ஒட்டிவிட்டுப் போய்விட்டார் ஒரு ஒப்பந்தக்காரர். தண்ணீர் இணைப்புகள் வழியாக இறங்கி ஓட்டுக்கு அடியில் தேங்கி நின்றது. கார்த்திகையில் சீலிங் பூச்சு பெயர்ந்து விழுந்தது, நல்லவேளையாக அறையில் யாரும் இல்லை. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாததால் மொத்த ஓட்டையும் பெயர்த்தார்கள். தளத்தின்மேல் எதைப் போடுவதாக இருந்தாலும் முதலில் தண்ணீரைக் கட்டி நிறுத்தி இரண்டு நாள் சோதித்துப் பார்த்துவிடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

தெலங்கானா அரசு 2023-இல் கூல் ரூஃப் கொள்கை ஒன்றைக் கொண்டுவந்தது, 2028 வரைக்குமானது. ஏசி வாங்க முடியாத வீடுகளில் வெப்பத்தால் உயிர் போகாமல் தடுக்க அரசால் விரைவாகச் செய்ய முடிகிற காரியம் கூரையை வெள்ளையாக்குவது. வெள்ளையின் பெரிய நன்மை அதுதான். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளுக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பலகை: தளத்தின்மேல் வெப்பக்காப்பு

எக்ஸ்பிஎஸ் என்பது வெளிர்நீலம், இளஞ்சிவப்பு போன்ற நிறங்களில் வரும் இறுகிய நுரைப் பலகை. தெர்மோகோலுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். தெர்மோகோல் மணிமணியாக ஒட்டியது, இடுக்குகளில் தண்ணீர் ஏறும். எக்ஸ்பிஎஸ்ஸில் ஒவ்வொரு நுண்ணறையும் மூடியிருப்பதால் தண்ணீரை அநேகமாகக் குடிக்காது, மேலே ஆள் நடந்தாலும் நசுங்காது. மொட்டை மாடியில் பதிக்க இதைத்தான் கேட்க வேண்டும். விலை குறைவு என்று தெர்மோகோலைப் பதித்துவிட்டால் நாலு மழைக்காலத்தில் ஊறிப்போய் வெப்பத்தைக் கடத்தத் தொடங்கிவிடும்.

வெப்பத்தை மறிப்பதில் கான்கிரீட்டுக்கும் இதற்கும் ஐம்பது மடங்கு வித்தியாசம். இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் மறிக்கிற அளவு மறிக்க வேண்டுமானால் இரண்டரை மீட்டர் கனத்துக்குக் கான்கிரீட் போட வேண்டும். அந்த இரண்டு அங்குலப் பலகையின் எடையோ சதுர மீட்டருக்கு இரண்டு கிலோகூட வராது. எங்கள் மாதிரித் தட்டோட்டுத் தளத்தில் இதைச் சேர்த்தால் 2.2 ஆக இருந்த யூ மதிப்பு 0.5 பக்கத்தில் இறங்கிவிடுகிறது. ஓர் அங்குலம் போட்டாலே 0.8, அதாவது விதித்தொகுப்பு கேட்பதைவிட நல்ல நிலை. முதல் அங்குலம்தான் அதிகம் உழைக்கிறது. பணம் இறுக்கமாக இருந்தால் ஓர் அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வதில் தப்பே இல்லை.

வரிசை முக்கியம். தளத்தின்மேல் முதலில் வாட்டர்புரூஃபிங், அதன்மேல் பலகை, பலகைகளின் இணைப்புகளில் ஒட்டுநாடா, அதன்மேல் வடிகட்டித் துணி, பிறகு வாட்டம் பார்த்துக் கலவை, கடைசியில் ஓடு. இப்படிச் செய்தால் வாட்டர்புரூஃபிங் பூச்சு வெயிலையே பார்ப்பதில்லை. 60 டிகிரிக்கு ஏறி இறங்கி விரிவடைந்து சுருங்குகிற வேலை கான்கிரீட்டுக்கும் மிச்சமாகிறது, வெடிப்பு குறையும். ஒழுகலுக்கும் வெக்கைக்கும் ஒரே வேலையில் மருந்து கிடைப்பது இந்த வழியில் மட்டும்தான். மறக்கக் கூடாத ஒன்று: மாடித் தரை மூன்று நான்கு அங்குலம் உயரும். மாடிப்படிக் கதவின் வாசற்படி, தண்ணீர் வெளியேறும் குழாய் வாய், கைப்பிடிச் சுவரின் உயரம் மூன்றையும் வேலைக்கு முன்பே அளந்துகொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கைப்பிடிச் சுவர் நாலு அங்குலம் தாழ்ந்துபோவது சாதாரண விஷயமில்லை.

விலைதான் யோசிக்க வைக்கும். பெயர்த்தல், வாட்டர்புரூஃபிங், பலகை, கலவை, ஓடு எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 150-இலிருந்து 250 ரூபாய் வரை எனக்குச் சொன்னார்கள். இதில் பலகைக்கு மட்டும் 50 முதல் 80 ரூபாய். ஊருக்கு ஊர் மாறும், ஆனால் பலகையின் பங்கு மொத்தச் செலவில் மூன்றில் ஒன்று என்ற விகிதத்தை மனதில் வையுங்கள். முடிவெடுக்க அது தேவைப்படும்.

உள்ளே சீலிங்

ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. அட்டையும் நடுவில் இருக்கும் காற்றும் சேர்ந்து 2.2 என்ற யூ மதிப்பை 1.4 ஆக்கும். அதன்மேல் இரண்டு அங்குலக் கண்ணாடிக் கம்பளியோ (கிளாஸ் வூல்) பாறைக் கம்பளியோ (ராக் வூல்) விரித்தால் 0.55 வரை இறங்கும், கிட்டத்தட்ட எக்ஸ்பிஎஸ் அளவு. ஆகவே போடுவதானால் கம்பளியோடு போடுங்கள். அலுமினியத் தாளும் உதவும், ஆனால் அதன் மின்னும் பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தால் மட்டும்தான். சீலிங்கோடு ஒட்டவைத்துவிட்டால் அது வெறும் தாள்.

குறை என்னவென்றால், தளம் வழக்கம்போலச் சூடாகி வெடித்துக்கொண்டுதான் இருக்கும். ஒழுகல் வந்தாலும் சீலிங்குக்கு மேலேயே மறைந்து கிடக்கும். மின்விசிறி கீழே இறங்கும். இருந்தாலும் அடுக்குமாடியின் கடைசி மாடியில் இருந்துகொண்டு, மொட்டை மாடி எல்லோருக்கும் பொது என்பதால் அங்கே கை வைக்க முடியாதவர்களுக்கு இதுதான் வழி. ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: தெர்மோகோல் பலகைகளைச் சீலிங்கில் பசை போட்டு நேரே ஒட்டாதீர்கள். தீப்பற்றினால் உருகிச் சொட்டும், புகை நச்சு. படுக்கை அறையில் தலைக்குமேல் இருக்கக் கூடாத பொருள் அது.

ஓர் அறைக்கு ஒரு கணக்கு

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை, தட்டோட்டுத் தளம், வெளியே 38 டிகிரி, உள்ளே ஏசி 26-இல் ஓடுகிறது. உச்சி வெயிலில் கூரை வழியாக மட்டும் எவ்வளவு வெப்பம் இறங்க முயல்கிறது என்று போட்டுப் பார்த்தேன். தளம் சூட்டைச் சேர்த்துவைத்து மெதுவாக விடும் என்பதால் உண்மையில் இது சாயங்காலத்துக்குத் தள்ளிப்போய்க் கொஞ்சம் தணிந்து வரும். ஒன்றோடொன்று ஒப்பிட இந்தக் கணக்கு போதும்.

ஒன்றும் செய்யாவிட்டால் சுமார் 1000 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமே 3500 வாட்தான், அதில் கால் பங்குக்கு மேல் கூரைக்கே போகிறது. புது வெள்ளை அடித்தால் 550. அதே வெள்ளை அழுக்கேறிவிட்டால் 800. வெறும் ஜிப்சம் சீலிங் 675, கம்பளியோடு 265. இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் 240. எக்ஸ்பிஎஸ் போட்டு மேலே வெள்ளையும் அடித்தால் 130.

இதில் எனக்குப் பாடமாக இருந்தவை இரண்டு. வெள்ளையின் பலன் பாதியிலிருந்து ஐந்தில் ஒன்றாகச் சரிய ஒன்றிரண்டு வருடத் தூசி போதும். அப்புறம், பலகை போட்டவருக்குப் பெயிண்ட் தேவையில்லை, 110 வாட்டுக்காக மாடி முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டியதில்லை. ஓட்டையே வெளிர்நிறத்தில் வாங்கிவிட்டால் போதும்.

ஏசி இல்லாத வீட்டில் கதை கொஞ்சம் மாறும். ஜன்னல் வழியாகவும் சுவர் வழியாகவும் பகலில் வந்த சூடு அறையில் இருக்கும். வெள்ளை அடித்த சாதாரணத் தளம் இரவில் அந்தச் சூட்டையும் வாங்கி வானத்துக்கு விட உதவும். பலகை பதித்த தளம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. பலகை போட்டால் இரவில் ஜன்னல்களைத் திறந்து காற்று ஓடவிட்டே ஆக வேண்டும். ஏசி வாங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கு என் ஓட்டு வெள்ளைக்குத்தான்.

பணம் திரும்புமா?

விற்பவர்கள் கரண்ட் பில் பாதியாகும் என்கிறார்கள். நம்பாதீர்கள். இரவு எட்டு மணி நேரம் ஓர் அறையில் ஏசி ஓடுகிற வீட்டில், எக்ஸ்பிஎஸ் போட்டால் ஓர் இரவுக்கு ஒரு யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிச்சமாகும். இன்வெர்ட்டர் ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றரை நான்கு யூனிட் வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது, அதனால்தான். இரண்டு மாதப் பில்லில் 50 யூனிட் என்று வையுங்கள். கோடையின் மூன்று பில்களுக்கும் சேர்த்து 150 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் வருடத்துக்கு 1200 ரூபாய். அந்த அறைக்கு மேலும் சுற்றியும் 200 சதுர அடிக்கு முழு வேலையும் செய்ய முப்பதிலிருந்து ஐம்பதாயிரம் வரை ஆகும். பில்லை மட்டும் பார்த்தால் முதல் திரும்பப் பல பத்தாண்டுகள் போகும். பெயிண்டும் தன் ஆயுளுக்குள் முதலைத் திருப்புவது கஷ்டம்தான். சுண்ணாம்பு ஒன்றுதான் உடனே கணக்கை நேர் செய்கிறது.

பில்லில் நேரடியாகத் தெரியாத லாபமும் உண்டு. நம் தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படியில் இருந்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். 520, 540 என்று நிற்கிற வீட்டுக்கு அந்த 50 யூனிட்தான் பெரிய காசு. சீலிங் சுடாத அறையில் 22-இல் வைத்த ஏசியை 25, 26-க்கு ஏற்றலாம், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்று பி.இ.இ. சொல்கிறது. ஏனென்றால் நம் உடம்புக்குக் காற்றின் சூட்டைப்போலவே தலைக்குமேல் இருக்கும் பரப்பின் சூடும் தெரிகிறது. இதையெல்லாம் தாண்டி, அம்மா தூங்குவதற்கு நான் விலை போடப் போவதில்லை.

ஆனால் கணக்கை முழுக்க மாற்றுகிற கேள்வி ஒன்று உண்டு. மாடித் தளத்தை எப்படியும் பெயர்க்கப் போகிறீர்களா? ஒழுகலோ, வெடித்த ஓடோ, ஓதமோ இருந்து அந்தச் செலவு எப்படியும் வரப்போகிறது என்றால், வெப்பக்காப்புக்காக நீங்கள் கூடுதலாகப் போடுவது பலகையின் விலை மட்டும்தான். 200 சதுர அடிக்குப் பத்து, பதினைந்தாயிரம். ஓர் அங்குலப் பலகை என்றால் இன்னும் குறையும். அப்போது போடாமல் விட்டால் அடுத்த வாய்ப்பு இருபது, முப்பது வருடம் கழித்துத்தான். தளம் நன்றாக இருக்கிறது என்றால் வெப்பத்துக்காக அதைப் பெயர்க்காதீர்கள். வெள்ளை அடித்து, கழுவிக்கொண்டே இருங்கள், ஒழுகல் தலைகாட்டும் நாளுக்குப் பலகையை வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டா பலகையா என்று மாதக்கணக்கில் குழம்பிய எனக்கு இந்த ஒரு கேள்வியில் முடிவு கிடைத்துவிட்டது.

சூரிய மின்தகடு வைக்கும் எண்ணம் இருப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்து யோசிக்கலாம். 2024-இல் வந்த பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அந்த அளவுக்குச் சுமார் 300 சதுர அடி இடம் தேவை. அந்த நிழலைச் சமையலறை மேலேயோ மாடிப்படி மேலேயோ விழவைக்காமல் படுக்கை அறைக்கு மேலே வருமாறு சட்டத்தை அமைக்கச் சொல்லுங்கள். வெயில் விழும் திசைக்கு இடைஞ்சல் இல்லையென்றால் மறுக்க மாட்டார்கள். தளத்துக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று ஓட இடம் இருந்தால் அந்த அறைக்கு வேறெதுவும் செய்யாமலே பெரிய மாற்றம் தெரியும். தளத்தைப் பெயர்க்கும் வேலை இருந்தால் தகடு வைப்பதற்கு முன்னாடியே முடித்துவிட வேண்டும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. ஆரம்பத்திலேயே ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ எக்ஸ்பிஎஸ்ஸைத் தளத்தின்மேல் போட்டுவிடுங்கள். கட்டுமானச் செலவில் அது தெரியவே தெரியாது. மேற்குச் சுவருக்கு ஏஏசி பிளாக்கை, அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்லை, கேட்டுப் பாருங்கள், செங்கல்லைவிடப் பல மடங்கு வெப்பத்தை மறிக்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் பரப்பிய ஃபில்லர் ஸ்லாப் முறையில், தளத்தின் அடிப்பகுதியில் ஓடுகளையோ மண்சட்டிகளையோ வைத்துக் கான்கிரீட்டையும் கம்பியையும் மிச்சப்படுத்துவார்கள். அழகும் உண்டு, சூடும் ஓரளவு குறையும். அதைப் பழகிய கொத்தனார் கிடைத்தால் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்றால், தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். மாடி அறைக்கு மேலே கிழக்கு மூலையில் இரண்டாம் நாள் ஓதம் இறங்கியது. அத்தோடு முடிவாகிவிட்டது. அறைக்கு மேலேயும் சுவரைத் தாண்டி இரண்டடி சுற்றிலும் பழைய ஓட்டையும் ஜல்லியையும் பெயர்த்து, வாட்டர்புரூஃபிங் செய்து, இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ், அதன்மேல் வெளிர்நிற ஓடு. மீதி மாடியில் தளம் உறுதியாக இருக்கிறது, அங்கே சுண்ணாம்புதான். மாடிப்படிக் கதவுக்கு வாசற்படி உயர்த்த வேண்டும், கைப்பிடிச் சுவர்மேல் ஓர் இரும்புக் கம்பி ஓடவிட வேண்டும் என்று கொத்தனாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தை கடைசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பரப்பின் சூட்டைத் தொடாமல் அளக்கும் கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், காய்ச்சல் பார்க்கும் வகை இதற்கு உதவாது, பட்டறைகளில் வைத்திருக்கும் வகை. மே மாதம் இரவு பத்து மணிக்கு அந்த அறைச் சீலிங்கையும் பக்கத்து அறைச் சீலிங்கையும் அளந்து குறித்துவைப்பது மகளின் பொறுப்பு.